நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் எதற்கு?

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. காரைக்குடியில் ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்பவன் அவன்தான். மனக்கணக்கில் அவனுடைய ஐயாவையே, அதாவது தாத்தாவையே, தோற்கடிப்பான். எழுதச் சொன்னால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுகிறான். காலாண்டு அறிவியல் தேர்வில் கடைசி 22 மதிப்பெண்ணுக்கான கேள்விகளைத் தொடவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்றான். அன்று இரவு அதே கேள்விகளை நான் வாசித்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னான். மதுரையில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் காட்டினோம். அறிவுத்திறன் சராசரிக்கு மேல், வாசிப்பும் எழுத்தும் ஐந்தாம் வகுப்பு அளவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று அறிக்கை கொடுத்தார். தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "எழுபது சதவீதம் எடுக்கிறவனுக்கு என்ன குறைபாடு? சோம்பல்தான்" என்கிறார். உடன் படிக்கும் பிள்ளையின் தாயார், "மார்க்குக்குக் குறுக்குவழி" என்று என் காதுபடவே சொன்னார். மாமனார், "சர்க்கார் காகிதத்தில் குறை என்று எழுதி வாங்கினால் நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்" என்று கோபப்படுகிறார். என் கணவரோ, சான்றிதழ் இருந்தால் எழுத ஆள் கிடைக்கும், மொழிப்பாடம் வேண்டாம், கல்லூரியில் இடஒதுக்கீடும் உண்டு, எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகளின் பங்கை எடுத்து என் பிள்ளைக்குக் கொடுக்கிறேனா?
— கோட்டையூரிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த இரவில் வந்து நின்றுவிட்டேன். மகன் விட்டுவிட்டு வந்த 22 மதிப்பெண்ணுக்கான கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, அவன் வாயாலேயே பதிலை வாங்கினீர்களே, அதைவிடத் தெளிவான பரிசோதனையை நானும் செய்திருக்க முடியாது. பதில் அவனிடம் இருந்தது. விடைத்தாளில் இல்லை. அப்படியானால் அன்று பள்ளி அளந்தது அவனுடைய அறிவியல் அறிவையா, அவன் கண்ணும் கையும் எழுத்தின் மேல் நகரும் வேகத்தையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது அவனுக்கு உரியது; யாருடைய பங்கும் அதில் இல்லை. சொல்வதை எழுதுபவர் இப்போதைக்கு வேண்டாம். மொழிப்பாட விலக்கு வேண்டவே வேண்டாம். இடஒதுக்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சான்றிதழுக்குப் போகாதீர்கள். உங்கள் கணவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அவரும் பிள்ளையின் நலத்தைத்தான் நினைக்கிறார் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

தலைமையாசிரியரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பார்க்கும் இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான், அதிகம் மனம் வருந்தியதும் அதற்குத்தான். நன்றாகப் படிக்கிறவனுக்கு எப்படிக் கற்றல் குறைபாடு இருக்க முடியும்? 1896-இல் இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெயர் பெர்சி, வயது, உங்கள் மகனைப் போலவே, பதினான்கு. சூட்டிகையான பையன், விளையாட்டில் வல்லவன். மூன்றிலக்க எண்களைத் தடையின்றிப் பெருக்குவான், இயற்கணிதம் போடுவான். ஆனால் தன் சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டிய பிறகும் உடனே பிழையைக் காணவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். வளர்ச்சிசார் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. இந்தக் குறைபாடு மருத்துவ உலகின் கண்ணில் பட்டதே ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் வழியாகத்தான். கெட்டிக்காரனுக்கு இது வராது என்று 130 ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இதன் வேர் கண்ணில் இல்லை, புத்தியிலும் இல்லை. பேச்சொலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஓர் எழுத்தோடு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை யோசிக்காமல் அவிழ்க்கும் அளவுக்குப் பழக்குவதுதான் வாசிப்பு. நீங்களும் நானும் 'கோவில்' என்ற சொல்லைப் பார்த்தால் எழுத்துக்கூட்டுவதில்லை. பார்த்த கணத்தில் கோவிலே வந்து நிற்கிறது. உங்கள் மகனுக்கு அந்தப் பழக்கம் இறுகவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவன் புதிதாகத் திறக்கிறான். குடும்பவழியில் வரக்கூடியது இது. வளர்ப்பின் பிழை அல்ல, உங்கள் பிழையும் அல்ல.

தமிழில் நன்றாக வாசிக்கிறானே, ஆங்கிலத்தில் மட்டும்தானே தடுமாறுகிறான், அதெப்படிக் குறைபாடாகும் என்று சில பெற்றோர் கேட்பார்கள். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நேரானது. 247 எழுத்து என்றாலும், உயிரும் மெய்யும் சேரும் விதம் பிடிபட்டால் மிச்சம் வந்துவிடும். அதனால் இந்தப் பிள்ளைகள் தமிழில் பிழை குறைவாகவே விடுவார்கள், மெதுவாக வாசிப்பார்கள். நின்று கேட்டால்தான் அந்த மெதுவு தெரியும். தமிழிலும் அவர்களுக்கு இடறும் இடங்கள் உண்டு. 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், ஒலி நடுவில் பிறக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று. சொல் முன்பே தெரிந்தவனுக்குத்தான் ஒலி சரியாக வரும். ஆங்கிலமோ ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டும், ஒரே எழுத்துக்குப் பல ஒலியும் உள்ள மொழி. தமிழில் மறைந்திருந்த தடுமாற்றம் அங்கே வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. மதுரையில் கொடுத்த அறிக்கையில் தமிழ் வாசிப்பையும் நேரம் வைத்து அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் பேசி ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுக் குறைபாடு என்று எழுதினால், மொழி போதாமையைக் குறைபாடாக எண்ணிய பிழை நேர்ந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புவரை எப்படித் தெரியாமல் போயிற்று என்ற குற்றவுணர்வு உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. அறிவுள்ள பிள்ளைகள் இதை மறைப்பார்கள். ஏமாற்றும் நோக்கம் அவர்களுக்குக் கிடையாது, பிழைத்துக்கொள்ளும் வழி அது. காதால் கேட்டதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வார்கள். சொல்லின் முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து மிச்சத்தை ஊகிப்பார்கள். கீழ் வகுப்புகளில் பாடம் சிறிது, ஊகம் போதும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பக்கங்கள் பெருகுகின்றன, ஊகம் தோற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பேசும்போது பெரிய சொற்களைச் சரளமாகச் சொல்லும் பிள்ளை, எழுதும்போது சின்னச் சின்னச் சொற்களையே போடுவான். பெரிய சொல்லுக்கு எழுத்துக்கூட்டு தெரியாது என்பதால் தெரிந்த சொல்லுக்குள் தன் எண்ணத்தையே வெட்டிச் சுருக்குகிறான். விடைத்தாளைத் திருத்துகிறவர், இவனுடைய எண்ணமே இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார். பள்ளி விட்டு வந்ததும் தலைவலி என்று படுக்கிறானா? நாள் முழுவதும் மற்றவர்களைவிட இரு மடங்கு உழைத்துவிட்டு வருகிற பிள்ளை படுக்கத்தான் செய்வான். அதைச் சோம்பல் என்று சொன்ன அந்த ஒரு சொல், 22 மதிப்பெண்ணைவிட அதிகமாக அவனிடமிருந்து பறித்திருக்கும்.

இனி உங்கள் மாமனாருக்கு. அவர் கோபத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றிப் பழகியவரின் அச்சம் அது. அவரிடம் நான் நினைவூட்ட விரும்புவது அவருடைய முன்னோர் காலத்தை. இந்தச் சீமையிலிருந்து ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகச் சேர்ந்த பிள்ளைகள் எப்படித் தொழில் கற்றார்கள்? காதால் கேட்டு, வாயால் சொல்லி, மனத்தால் கூட்டித்தான். திண்ணைப் பள்ளியில் முந்திரி, அரைக்காணி, காணி, மா என்று பின்ன வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிச் சொல்லி ஏற்றினார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு என்பதைச் சிறுவன் தாளில் பார்ப்பதற்கு முன் நாக்கில் வைத்திருந்தான். வட்டியை மனத்திலேயே போட்டுச் சொன்ன பையன் அடுத்தாளானான், பிறகு மேலாளானான். ஏட்டில் எழுதும் வேலையும் இருந்தது. ஆனால் ஒருவனை மதிப்பிட்டது அவன் மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் எழுதினான் என்பதைக் கொண்டு அல்ல. ஐயாவை மனக்கணக்கில் தோற்கடிக்கும் இந்தப் பேரன் அந்தக் கடையில் இருந்திருந்தால் யாரும் அவனைக் குறைபாடு உள்ளவன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைய தேர்வு முறை எழுத்தின் வழியாக மட்டுமே கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு அவனுக்கு இடுக்கமாக இருக்கிறது. சான்றிதழ் சொல்வது இவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பங்கு என்று கேட்டீர்கள். நேரமும் இடமும் ஒன்றல்ல. உங்கள் மகனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையின் மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையப்போவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒருவன் தேர்ச்சி பெறுவதால் இன்னொருவன் தோற்பதும் இல்லை. கல்லூரி இடம் அப்படிப்பட்டதல்ல. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. அதனால்தான் இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை.

உடன் படிக்கும் பிள்ளையின் தாயாரையும் நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. அவருடைய சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. நேரம் போதாத தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் குறைபாடு இல்லாத பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஓரளவு கூடுகிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு சில ஆய்வுகளில் குறைபாடு உள்ளவர்களுக்கே கூடுதல் பயன் தெரிந்தது. தரவரிசை பார்க்கும் நுழைவுத்தேர்வில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்காவில் 2019-இல் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை மோசடியில், கற்றல் குறைபாடு என்று அறிக்கை வாங்கிக் கூடுதல் நேரம் பெறுவதும் பணக்காரப் பெற்றோருக்குக் காட்டப்பட்ட வழிகளில் ஒன்றாக இருந்தது. நம் நாட்டிலும் 2024-இல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மாற்றுத்திறன் சான்றிதழ்கள் குறித்துக் குற்றச்சாட்டு எழுந்து, அவருடைய தேர்வே ரத்தானது. ஒவ்வொரு பொய்ச் சான்றிதழும் உங்கள் மகனைப் போன்ற பிள்ளையின் முகத்தில்தான் வந்து விழுகிறது. பணம் வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் அறிக்கை எழுதித் தருகிறவர் யாராவது உங்களிடம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் அந்தச் சந்தேகம் பாதி உண்மைதான். 2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் இதே விஷயத்தை ஆராய்ந்தார். தகுதி இல்லாத சிலர் கூடுதல் நேரம் பெற்றிருக்கலாம் என்றும், தேவையுள்ள வேறு பலருக்கு அது கிடைக்காமல் போயிருக்கலாம் என்றும் அந்த அறிக்கை ஒரே நேரத்தில் சொன்னது. இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை. நான் பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆத்தங்குடியிலிருந்து ஒரு சிறுமியை அவளுடைய அரசுப் பள்ளி ஆசிரியை அழைத்து வந்தார். அப்பா பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ண ஓடு, போடுகிறவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றுகிற வேலை. அந்த அச்சில் எந்த வண்ணம் எங்கே திரும்பி வரும் என்று இந்தப் பெண் பார்க்காமலேயே சொல்வாள். ஆறாம் வகுப்பில் இருந்தாள். ஒரு பத்தியைத் தமிழில் வாசிக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து அந்த ஆசிரியை கண் கலங்கினார். மதுரைக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சோதிக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. உங்கள் மகனுக்குக் கிடைத்த அறிக்கை அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் 'மக்கு' என்ற பெயர். டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் எலியட் என்ற உளவியலாளர், டிஸ்லெக்சியா என்ற முத்திரை குத்துவதால் பயன் குறைவு, வாசிக்கத் தடுமாறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுங்கள் என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். முத்திரையே வேண்டாம் என்ற அளவுக்கு நான் போக மாட்டேன். நம் நாட்டில் காகிதம் இல்லாமல் ஓர் உரிமையும் கைக்கு வராது. ஆனால் புத்திசாலிப் பிள்ளைக்கு மட்டும் 'குறைபாடு', மற்றப் பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைப்பது அநியாயம் என்பதில் நான் அவர் பக்கம். அறிவுத்திறனுக்கும் வாசிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் குறைபாடு என்ற பழைய அளவுகோலை 2013-இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு கைவிட்டது. புத்திசாலிக்கும் சுமாரானவனுக்கும் வாசிப்பில் இடறும் இடம் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டதே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பேசும்போது உதவும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. இதை இயன்றவரை விரைவில் கண்டறிவது பள்ளியின் கடமை என்று 16-ஆம் பிரிவும், தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்றவற்றுக்கு வழி செய்ய வேண்டும் என்று 17-ஆம் பிரிவும் சொல்கின்றன. தலைமையாசிரியர் தயவு செய்து கொடுக்க வேண்டியது அல்ல இது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் கூடும். தமிழகப் பொதுத்தேர்விலும் அந்த ஒரு மணி நேரம்தான். குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு இடஒதுக்கீட்டுக்கு உரியது. எழுதும்போது கை இறுகிப்போகும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்ற தேர்வரின் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுதுபவர் உதவியைப் பெற 40 சதவீத வரம்பு தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இந்த வேறுபாட்டை உங்கள் கணவருக்கும் விளக்குங்கள். மருத்துவக் குழு என்ன சதவீதம் எழுதுகிறதோ அது குழுவின் வேலை. இடத்துக்காகச் சதவீதத்தைக் கூட்டிக் கேட்கும் எண்ணம் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 5 சதவீத இடங்களில் ஒன்றுக்காகக் காத்திருக்கிற பிள்ளை ஒருத்தி ஆத்தங்குடியில் இருக்கிறாள் என்பதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் நாட்டில் இதற்குப் பயன்படுவது பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுதி. அதன் மேல்நிலை 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக அமைக்கப்பட்டது. பதினான்கு வயதுக் கெட்டிக்காரன் அந்தப் பத்திகளைத் தட்டுத்தடுமாறியாவது பிழையின்றி முடித்துவிடக்கூடும். முடித்தான் என்பது மட்டும் பதிவானால் குறைபாடு இல்லை என்று முடிவாகிவிடும். எனவே எவ்வளவு நேரத்தில் வாசித்தான், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் எழுதினான், தன் வகுப்புப் பாடத்தை வாசித்தபோது என்ன ஆயிற்று என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். பார்வை, செவிப்புலன் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். இவை இருந்தால் சிவகங்கையில் மருத்துவக் குழுவின் முன் நீங்கள் தலைநிமிர்ந்து உட்காரலாம். 14 வயது என்பது சான்றிதழைப் புதிதாகப் பார்க்க வேண்டிய வயதும்கூட. 18-இல் மீண்டும் பார்ப்பார்கள்.

எழுதுபவர் ஏன் வேண்டாம் என்றேன்? வாயால் சொல்லி எழுதவைப்பது ஒரு தனித் திறமை. எங்கே நிறுத்துவது, படத்தை எப்படி விளக்குவது, முன்பு சொன்னதை எப்படித் திருத்துவது என்று மாதக்கணக்கில் பழக வேண்டும். பழகாத பிள்ளை அந்நியர் ஒருவர் முன் கூச்சப்பட்டுத் தெரிந்ததையும் விழுங்கிவிடுவான். உங்கள் மகனுடைய கையெழுத்து படிக்கும்படி இருக்கிறது என்றால், நேரம் கிடைத்தால் அவனே எழுதிவிடுவான். தன் கையால் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் பெருமை இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து மாதிரி. எழுத்தே முடியாத பிள்ளைக்கு எழுதுபவர் கட்டாயம் வேண்டும்; அதை மறுக்கும் பள்ளியோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை அது அல்ல.

மொழிப்பாட விலக்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. என் துறையிலேயே சிலர் என்னோடு மாறுபடுவார்கள். விலக்கு என்றால் பெரும்பாலான வீடுகளில் விழுவது தமிழ்தான். ஆங்கிலம் வேலைக்கு வேண்டும், தமிழ் வீட்டில் பேசுகிறானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவனுக்கு எளிதான எழுத்து தமிழ் எழுத்துதான். வாசிப்பில் அவன் வெற்றியைச் சுவைக்கப் போகும் மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, தோல்வியைத் தரும் மொழியை மட்டும் மிச்சம் வைப்பதில் என்ன நன்மை? கூடுதல் நேரத்தோடு தமிழை எழுதட்டும். கூடுதல் நேரம் கொடுத்த பிறகும் மூழ்குகிறான் என்றால் அப்போது பேசுவோம்.

சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கூடுதல் நேரம் வாசிப்பைக் கற்றுத் தராது. தினமும் அரை மணி நேரம், ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்றுத் தரும் சிறப்பாசிரியரிடம் அவன் உட்கார வேண்டும். சாதாரண டியூஷன் இதற்குப் பயன்படாது. அங்கே அதே பாடத்தை அதே விதத்தில் இரண்டாம் முறை நடத்துவார்கள். பதினான்கு வயது தாமதமும் அல்ல. பாடப்புத்தகத்தை நீங்களோ அப்பத்தாவோ வாசிக்க, அவன் கண்ணால் வரியைத் தொடரட்டும். அந்த இரவில் நீங்கள் செய்ததையே ஒழுங்குபடுத்திச் செய்கிறோம், அவ்வளவுதான். பள்ளியிடம் அரையாண்டுத் தேர்விலிருந்தே கூடுதல் நேரத்தைக் கேளுங்கள். பொதுத்தேர்வில்தான் முதன்முதலாக அந்த ஒரு மணி நேரம் கையில் வருகிறது என்றால், அதை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாமல் திகைப்பான்.

உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது. மகன் என்ன நினைக்கிறான் என்பது இல்லை. அவனிடம் அறிக்கையைக் காட்டினீர்களா? பல வீடுகளில் அதைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளையோ தனக்கு ஏதோ பெரிய நோய் என்றோ, தான் முட்டாள் என்றோ முடிவு செய்துவிடுகிறான். உட்காரவைத்துச் சொல்லுங்கள்: உன் அறிவில் குறையில்லை, எழுத்தைப் பிரிக்கும் வேகத்தில் மட்டும்தான் சிரமம், அதற்குப் பெயர் உண்டு, வழியும் உண்டு. இதைக் கேட்டதும் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடமாகத் தன்மேல் சுமத்திய பழி இறங்கியதால் வந்த அழுகை அது. கூடுதல் நேரம் வேண்டுமா என்றும் அவனையே கேளுங்கள். நண்பர்கள் முன் தனியே உட்கார வெட்கப்பட்டால், அந்த வெட்கத்தையும் மதித்து, பள்ளியோடு பேசி வழி காண வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவனை அழைத்து வாருங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் எழுதிய நோட்டுகள் பரணில் எங்கேயாவது இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். இந்தச் சிரமம் எப்போது தொடங்கியது என்பதை அறிக்கையைவிட அவை நன்றாகச் சொல்லும். மாமனாரும் வர வேண்டும். பேரனோடு அவர் மனக்கணக்குப் போடுவதை முதலில் நான் பார்க்க வேண்டும். அதே கணக்கை எழுத்தில் வாசிக்கச் சொல்லி, பேரனின் விரல் வரியின் மேல் எங்கே நிற்கிறது என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.